சபையில் வாசித்த சம்பளம்

அந்தக் கவரின் வாயை அப்பா ரப்பர் பால் தொட்டு ஒட்டியிருந்தார். பழுப்பு நிறக் கவர். ஒரு மூலையில் ஆடிட்டர் ஆபீஸின் முத்திரை, நடுவில் நீலப் பேனாவில் என் பெயர். ஆபீஸில் ஒட்டித் தந்ததை நான் கிழித்துத் திறந்து, நாலாயிரம் ரூபாயை எண்ணிப் பார்த்து, திரும்பவும் உள்ளே வைத்து அப்பாவிடம் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது என் கைக்கு வந்தபோது வாய் மூடியிருந்தது. காய்ந்த பால் விளிம்பில் மஞ்சளாகப் பிதுங்கி நின்றது. கவர் கொஞ்சம் தடித்திருந்தது. அதை நான் கவனித்தேன், கவனித்தும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கணக்கு வேலையின்மேல் எனக்குள்ள எரிச்சலுக்கு ஆரம்பம் தேடிப் போனால் அந்தத் தடிப்பில்தான் போய் நிற்கிறேன்.

எங்கள் ஊர் கீரிப்பாறைக்குப் போகிற வழியில் இருக்கிறது. அப்பா அரசு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்தார். விடியுமுன் எஸ்டேட் பஸ்ஸில் ஏறிப் போவார். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளத்தை அப்படியே கவரோடு காணிக்கையாகக் கொடுத்துவிட வேண்டும். ஆராதனைக்கு முன்பே பொருளாளர் மேசையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வோம். பிரசங்கத்துக்கு முன்னால் செயலாளர் எழுந்து, இன்னாருக்கு வேலை கிடைத்ததற்காக முதல் சம்பளக் காணிக்கை என்று சொல்லி, தொகையையும் வாசிப்பார். யாரும் யாரிடமும் சம்பளம் கேட்பது மரியாதையில்லை என்று நினைக்கிற ஊர் இது. ஆனால் ஒரே ஒரு தடவை, ஒலிபெருக்கியில், எல்லோருக்கும் எல்லோருடைய சம்பளமும் தெரிந்துவிடும். எனக்கு முந்தின மாதம் பெரியப்பா மகன் பெங்களூரிலிருந்து அனுப்பிய காணிக்கையை வாசித்தபோது பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு ஓடியது. அப்பா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பி.காம் முடித்து, அதற்குமேல் காசு கட்டி டேலி கணக்கு மென்பொருளும் படித்தவள். வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா எதிரே வருகிறவரிடமெல்லாம் மகள் கோட்டாற்றில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் ஊருக்கு ஒரு கற்பனை. அங்கே கம்ப்யூட்டர் இருக்கும், குளிர்சாதனம் இருக்கும், அதற்கேற்ற சம்பளமும் இருக்கும் என்று நினைத்தார்கள். கம்ப்யூட்டர் இருந்தது. குளிர்சாதனம் ஆடிட்டரின் அறைக்குள் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று சம்பளம் எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன். ஆடிட்டர் சிரித்தார். அவர் எல்லாப் புதியவர்களிடமும் சொல்லுகிற வாசகம் ஒன்று உண்டு: "நான் சம்பளம் தாறது இல்ல, அனுபவம் தாறேன்." நல்ல வாசகம்தான். வடசேரியில் இறங்கி இன்னொரு பஸ் ஏறும்போது கண்டக்டரிடம் கொஞ்சம் அனுபவத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன்.

அந்த வேலையை எனக்குச் சொல்லிவிட்டது ஆபீஸில் இருந்த அக்கா. எங்கள் சபைதான், இரண்டு தெரு தள்ளி வீடு. சொந்தமில்லை, ஊர்முறையில் அக்கா. கணவர் கொத்தனார், மகன் பத்தாம் வகுப்பு. ஒன்பது வருடமாக அந்த ஆபீஸைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது அவள்தான். வியாபாரிகள் பில்களைப் பாலித்தீன் பையில் திணித்துக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டிவிட்டுப் போவார்கள். அதில் ஈரமானது, எலி கடித்தது, பாதி கிழிந்தது எல்லாம் இருக்கும். அக்கா அவற்றைத் தேதிவாரியாக அடுக்கும்போது வாய்க்குள் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். சீட்டுக் கட்டு மாதிரி அவள் விரலில் பில்கள் ஓடும். மதியம் எனக்குத் தனியாக ஒரு டப்பாவில் மீன் குழம்பு வரும். "தின்னு மக்கா, இஞ்ச வேற ஒண்ணும் கிடைக்காது" என்பாள். அவள் சம்பளம் ஏழாயிரத்து ஐநூறு. அதை அவளே என்னிடம் சொன்னாள். என் சம்பளத்தை அவள் கேட்கவில்லை. மகன் பிளஸ் ஒன் சேர்வதற்குள் பத்தாயிரமாக ஆக்கித் தரும்படி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆடிட்டர் ஒவ்வொரு தடவையும் அடுத்த ஏப்ரல் என்பார்.

கணக்கு வேலையில் ஒரு கொடுமை உண்டு. ஊரில் யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்துவிடும். ஒரு துணிக்கடையின் சம்பளப் பட்டியலை நான்தான் டைப் செய்தேன். மூட்டை இறக்குகிறவர், தையல்காரர், வாசலில் கார் ஒதுக்குகிற வாட்ச்மேன் எல்லோரும் எனக்கு மேலே இருந்தார்கள். அவர்கள் வாங்குவது அதிகம் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் அது போதாது. ஆனால் மூன்று வருடக் கல்லூரிக் கட்டணத்தையும் டேலிக்குக் கட்டிய காசையும் நினைத்தபோது எரிச்சலும் வெப்ராளமுமாக இருந்தது. அப்பாவுக்குப் பால்வெட்டில் வருகிற கூலிகூட என் சம்பளத்தைவிட அதிகம். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் எழுந்து வாசித்தார். அப்பா பெயர், என் பெயர், பி.காம், ஆடிட்டர் ஆபீஸில் முதல் சம்பளக் காணிக்கை, எட்டாயிரம் ரூபாய். நான் குனிந்து பைபிளின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஆண்கள் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. மனசுக்குள் ஓர் ஓரத்தில் எனக்கும் பெருமையாக இருந்தது, அதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. எனக்கு இரண்டு பெஞ்சுக்கு முன்னால் அக்கா இருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆராதனை முடிந்து தேடினேன், அதற்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அக்கா இல்லை. முந்தின பஸ்ஸிலேயே போயிருந்தாள். நான் ஆபீஸுக்குள் நுழையும்போது ஆடிட்டரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நேற்று வந்தவளுக்கு எட்டாயிரம், ஒன்பது வருடம் இருந்தவளுக்கு ஏழரையா என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. ஆடிட்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். சம்பள ரிஜிஸ்டரை எடுத்து மேசைமேல் விரித்தார். என் பெயருக்கு நேரே நாலாயிரம், பக்கத்தில் என் கையெழுத்து. இது உன் கையெழுத்துதானா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் அக்காவைப் பார்த்து, மிகவும் சாவதானமாக, "இந்தப் பிள்ளை நாலாயிரத்துக்கு இதே வேலையைச் செய்யுது. உங்களுக்கு ஏழரை நான் எதுக்குத் தாறேன்?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் பத்தாயிரம் போயிற்று. நான் வாயைத் திறந்து, அப்பா சேர்த்து வைத்தார், எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இதே வேலையை நான் செய்யவில்லை, அவள் செய்வதில் காலே அரைக்கால்கூட எனக்குத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். ரிஜிஸ்டரில் இருந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அறைக்கு வெளியே வந்ததும் அக்கா பில்கள் கிடந்த மேசையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"நாலாயிரம்னு நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா மக்கா. ஒனக்க அப்பா வெச்ச காசுக்கா நான் போயி சண்டை போட்டேன்?"

அடுத்த மாதம் அவள் நின்றுவிட்டாள். நின்றுவிட்டாளா, நிற்கவைத்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு மருந்துக் கடையில் பில் போடப் போனாள். அவள் மேசை எனக்கு வந்தது, அவள் வேலை முழுவதும் வந்தது, கூடவே ஐநூறு ரூபாய் உயர்வும் வந்தது. அவள் மகன் பிளஸ் ஒன் சேரவில்லை, அந்த வருடமே தன் அப்பாவோடு சாந்துச் சட்டி தூக்கப் போனான். வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "நாலாயிரம்னு வாசிச்சா நீ படிச்சதுக்கு என்னட்டி மரியாத?" என்று மட்டும் கேட்டார். அவரோடு சண்டை போடக்கூட என்னால் முடியவில்லை. அந்த மிச்ச நாலாயிரம் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைச் சேர்த்து விற்ற காசும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்த முன்பணமும் என்று பிறகு தெரிந்தது.

இப்போது நான் கோட்டாற்றிலேயே ஒரு மொத்த வியாபார அலுவலகத்தில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். கணக்கர் தேவை என்று கடைகளில் ஒட்டுகிற தாள்களில் இன்றும் அதே வரிகள்தான். பி.காம் வேண்டும், டேலி வேண்டும், ஜிஎஸ்டி தெரிந்திருக்க வேண்டும், இரண்டு வருட அனுபவம் வேண்டும். புதிதாகப் படித்து வருகிறவளுக்கு இரண்டு வருட அனுபவம் எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. சம்பளம் என்ற இடத்தில் 'நேரில்' என்று இருக்கும். சென்ற மாதம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண்ணை எடுத்தோம். எங்கள் சபைப் பெண், நான்தான் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாயிரமாவது கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் ஒன்பது என்றார். வாதாடினேன். டவுன் பஸ்ஸில்தான் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே, அவளுக்கு என்ன செலவு என்றார். அரசாங்கம் அவளுக்கு விட்டுக்கொடுத்த பஸ் காசை இவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார். கடைசியில் ஒன்பதாயிரத்து ஐநூறுக்கு வந்து நின்றது. இதற்குமேல் பேசினால் என் ஏப்ரல் உயர்வு என்ன ஆகும் என்று எனக்கு ஒரு யோசனை வந்ததை மறைக்க மாட்டேன். சனிக்கிழமை பழுப்புக் கவரில் அவள் பெயரை எழுதி, நோட்டுகளை வைத்து, பசை தடவி ஒட்டிக் கொடுத்தேன்.

கணக்குப் படித்தவள் என்பதால் சம்பளமில்லாத கணக்கு வேலைகள் எனக்குத் தவறாமல் கிடைக்கும். அப்படித்தான் சபையின் காணிக்கை மேசையிலும் நான் உட்கார்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் வந்து கவரை நீட்டினார்கள். என் கையெழுத்து. நான் ஒட்டிய வாய் கிழிந்து, அதன்மேல் செல்லோடேப் போட்டிருந்தது. கவர் தடித்திருந்தது. பிரித்து எண்ணினேன், பதினைந்தாயிரம். பெண் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் ஆறு வருடமாகப் பதினோராயிரத்துக்கு வேலை பார்க்கிற இன்னொருத்தி இருக்கிறாள், அவளும் இதே சபைதான். ரசீதைப் பதினைந்தாயிரத்துக்குத்தான் எழுதினேன், வந்த பணத்தைக் குறைக்க முடியாது. ஆனால் செயலாளர் வாசிக்கிற பட்டியலில் இரண்டு வரியாகப் பிரித்தேன். முதல் சம்பளக் காணிக்கை, ஒன்பதாயிரத்து ஐநூறு. தகப்பனார் ஸ்தோத்திரக் காணிக்கை, ஐயாயிரத்து ஐநூறு.

செயலாளர் இரண்டையும் வாசித்தார். இந்தத் தடவை சலசலப்பு எதுவும் இல்லை. ஆண்கள் பக்கத்தில் அந்தப் பெண்ணின் அப்பா குனிந்துகொண்டார். மூன்றாவது பெஞ்சிலிருந்து அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். இத்தனை வருடம் என்னோடு சுகம் விசாரிப்பதற்குமேல் பேசாதவள், ஆராதனை முடிந்ததும் மேசைக்கு வந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. பட்டியலில் விரலை வைத்துப் பார்த்தாள். நான் செய்ததற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிறாள் என்று, வெட்கமில்லாமல், எதிர்பார்த்தேன்.

"ஒம்பதரையா? பன்னெண்டு வருசத்துல நான் வாங்கினதுக்கு மேல ரெண்டாயிரம் கூடியிருக்கு, இல்லியா?" என்றாள். அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் அப்பா நின்றிருந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கண் கலங்கியிருந்தது.

"எதுக்கு பிள்ளே இப்பிடி வாசிக்க வெச்ச? அவ்வளவு பேரு முன்ன எனக்க மோளுக்கு நாணமா போச்சே."

நாணம் அவளுக்கு இல்லை, கொடுக்கிறவர்களுக்குத்தான் வர வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். மேசையில் கவர் காலியாகக் கிடந்தது. செல்லோடேப்புக்கு அடியில் நான் தடவிய பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்டேன்.