டிக்கியைத் திறக்கச் சொன்னவர்கள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல எனக்கு வராது.

இந்த நாட்டுக்கு வந்து குடியேறிய எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் மண்டபத்துக்குள் பெண்களும் பிள்ளைகளும் சாப்பாடும். ஆண்களின் குடி வெளியே, கார் நிறுத்துமிடத்தில், யாராவது ஒருவரின் கார் டிக்கியைச் சுற்றி. எல்லாரிலும் பெரிய டிக்கி என்னுடையது. ஐஸ் பெட்டி, கிளாஸ், மிக்சர் எல்லாம் அதற்குள்தான். நான் நாலு பேருக்கு முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன். டிக்கிக்குப் பக்கத்தில் நின்றால் பேசாமலே என்னையும் ஓர் ஆளாக மதித்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஸ்பிரிங்வேலில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு. சாப்பாடு முடிந்து பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்குப் புறப்பட்டோம். மனைவி முன்னால், மகள் பின்னால்.

"ரெண்டு கிளாஸ்தானே அண்ணை, ஒண்டும் செய்யாது. போயிட்டு வாங்கோ," என்று ஒருவர் கையசைத்தார். இரண்டா நாலா என்று அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. இரண்டு சந்தி தள்ளிப் பொலிஸ் மறித்து ஊதச் சொன்னது. லைசென்ஸ் போய்விட்டது.

அதைத் திரும்ப எடுக்க, குடித்துவிட்டு ஓட்டியவர்களுக்கான வகுப்புக்குப் போகவேண்டும். இரண்டு நாள், நடுவில் ஒரு கிழமை இடைவெளி. முடித்த சான்றிதழ் இல்லாமல் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் எனக்கு வேலை இல்லை. நான் பேக்கரியில் மா பிசைகிறவன். விடியமுன் என் வீடு இருக்கிற கிரான்பர்னிலிருந்து அங்கே போக பஸ் கிடையாது. கொஞ்ச நாளைக்குத்தான் பகல் வேலை தரமுடியும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வகுப்புக்குப் பதியும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வருகிறவர் யாருக்காவது மச்சானாகவோ மாமியாகவோதான் இருப்பார். "நீங்கள் எந்த ஊர்?" என்று தொடங்கினால் போதும், கதை ஊரெல்லாம் போய்விடும். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பில் எட்டுப் பேர். நடத்திய பெண் ஒவ்வொருவரையும் பேசவைத்தார். யாரை ஏற்றிக்கொண்டு போனீர்கள்? இனி என்ன செய்வீர்கள்? என் முறை வந்தபோது நிலத்தைப் பார்த்தேன். படிப்பிக்கிறவருக்கு முன்னால் தலை குனிவதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை. இரண்டாம் நாளும் அப்படியே. முடிவில் என்னை மட்டும் மறித்து, பங்கெடுக்காதவருக்குச் சான்றிதழ் கொடுக்க விதி இல்லை, முதலிலிருந்து வரவேண்டும் என்றார். இரண்டு நாளும் அசையாமல் கதிரையில் இருந்தேனே, அதற்குக் கணக்கே இல்லையா? கதவை அடித்துச் சாத்த நினைத்தேன். அதற்கும் துணிவில்லை. மெதுவாகத்தான் சாத்தினேன்.

வீட்டில் மனைவி விடவில்லை. "உங்களுக்கு டிக்கியைத் திறக்கத் தெரியுது, வாயைத் திறக்கத் தெரியேல்லை. வேலை போனாப்பிறகோ திறக்கப்போறீங்கள்?"

அடுத்த முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன். வகுப்பில் வைத்த தொலைபேசியில் ஒரு பெண் குரல். "வணக்கம் ஐயா, சொல்லுங்கோ." ஊர் கேட்கவில்லை. யாரை ஏற்றிக்கொண்டு போனீர்கள் என்ற அதே கேள்வி வந்தது.

"மனிசியை. பின் சீட்டில மகளை," என்றேன். "பன்னிரண்டு வயசு. பெல்ட் போட்டவளோ எண்டுகூட நான் திரும்பிப் பாக்கேல்லை."

தொலைபேசிப் பெண் அதை வகுப்புக்கு ஆங்கிலத்தில் சொன்னார். வகுப்பு முடிந்து சான்றிதழ் கிடைத்தது. வேலையும் தப்பியது. இப்போது என் காரில், குடிக்கவில்லை என்று ஊதிக் காட்டினால்தான் எஞ்சின் ஓடும் கருவி பூட்டியிருக்கிறது.

லைசென்ஸ் வந்தபிறகு ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனேன். "அண்ணை, டிக்கியைத் திறவுங்கோ," என்றார் அன்று கையசைத்த அதே ஆள்.

"இல்லை," என்றேன்.

"அண்ணை பொலிசில சேந்திட்டாரடா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் தன்னுடைய டிக்கியைத் திறந்தார். அவர் காரின் பின் சீட்டில் குழந்தை இருக்கை ஒன்று பூட்டியிருந்தது. வகுப்பில் முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால் சொன்னதை, இருபது வருடம் தெரிந்தவர்களுக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

அன்றே மகளின் கொப்பியை வாங்கி எழுத உட்கார்ந்தேன். பல தாள் கிழித்தேன். டிக்கியைச் சுற்றி நின்ற ஒவ்வொருவர் கையிலும் இதைப் பிரதி எடுத்துக் கொடுக்கப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், சிரித்துவிட்டுப் பின் சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். எழுதி முடித்தது இன்றுதான்: 2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.