மண்ணெண்ணெயில் ஓடிய கொம்பியூட்டர்

எங்கள் நூலகத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொம்பியூட்டர் வாங்கி அனுப்பினார். நூலகர் இளம் ஆள். புத்தகத்துக்கு ஒன்றாகப் பெட்டிகளில் அடுக்கியிருந்த பட்டியல் அட்டைகளில் இருந்த விபரம் எல்லாவற்றையும் தானே தட்டி அதில் ஏற்றினார். புத்தகத்தின் பெயரைக் கொடுத்தால் எந்த அலுமாரி என்று காட்டும். நான் அங்கே கூட்டித் துடைக்கிற ஆள். எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கும்.

தொண்ணூறில் சண்டை தொடங்கியது. கறண்ட் நின்றது. எழுதுகிற கடதாசியும் வரவில்லை. பக்கத்து மருந்துச்சாலையில் மருந்து எழுதிக் கொடுக்கத் துண்டு இல்லை என்று கேட்டு வந்தார்கள். நூலகர் அந்தப் பட்டியல் அட்டைகளைப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார். அட்டைகளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"சேர், எல்லாத்தையுமே குடுக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. எல்லாம் உதுக்குள்ளை இருக்கு. கறண்ட் வரட்டும்," என்று கொம்பியூட்டரைக் காட்டினார்.

கறண்ட் வரவில்லை. வருடம் போனது. கம்பஸில் படிக்கிற பெடியள் வந்து புத்தகம் கேட்பார்கள். இருக்கிறதா இல்லையா என்றே எங்களால் சொல்ல முடியவில்லை. நூலகர் மெலிந்து போனார்.

கடைசியில், வெங்காயத் தோட்டம் செய்கிற ஒருவரின் ஜெனரேற்றரைக் கேட்டார். ஒரு தரம் ஓட்டி, பட்டியலைக் கையால் எழுதி எடுத்துவிட வேண்டும். அதுதான் எண்ணம். தோட்டக்காரர் வண்டிலில் கொண்டுவந்து இறக்கினார்.

"மண்ணெண்ணெய்தான். பெற்றோல் ஒரு சொட்டுக் காட்டினாப் போதும், பிடிச்சு ஓடத் தொடங்கிடும். என்ரை தண்ணி மோட்டரே உதிலைதான் ஓடுது. உந்த ரீவிப் பெட்டி ஓடாதோ?" என்று கொம்பியூட்டரைப் பார்த்தார்.

முதலில் ஒரு பல்பைக் கொழுவிப் பார்த்தோம். நன்றாக எரிந்தது. பிறகு கொம்பியூட்டரையும் கொழுவினோம். திரையில் பெயர்கள் வந்தன. நூலகர் சிரித்தார். எழுதத் தொடங்கினார். நான் குத்துவிளக்கு மாதிரி அசையாமல் நின்றேன்.

ஜெனரேற்றர் இருமியது. பிறகு ஒரேயடியாக வேகம் எடுத்தது. பல்பு வெள்ளையாக எரிந்து வெடித்தது. கருகிய மணம் வந்தது. திரை கறுத்தது.

தோட்டக்காரர் ஓடிப்போய் நிறுத்தினார். "என்ரை மிசின் ஒண்டும் செய்யேல்லை. உது பெலனில்லாத சாமான்."

 ரேடியோ திருத்துகிறவர் வந்து கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்ததை எடுக்க ஏலாது என்றார். வேறு பிரதி இல்லை. மருந்துச்சாலைக்குக் கொடுத்த அட்டைகள் மருந்தோடு வீடு வீடாகப் போய்விட்டன.

அடுத்த நாள் நூலகர் முதல் அலுமாரியைத் திறந்தார். நான் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் கொப்பியில் எழுதினார்.

ஒரு கம்பஸ் பெடியன் வாசலில் நின்று புத்தகம் ஒன்று கேட்டான்.

"இருக்கோ தெரியேல்லைத் தம்பி. நீரும் வந்து ஒரு கை பிடியுமன்."

"கம்பஸிலை சோதினை வருது சேர், படிக்கோணும்," என்று சைக்கிளை எடுத்தான்.

நாங்கள் எழுதினோம்.