ஜெயபாயும் காற்றுத் திருகும்

படகு மோட்டாரிலிருந்து கழற்றிய பிளக்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறாள் ஜெயபாய். காபிப்பொடி வாங்குகிறவர்கள்கூட இத்தனை கவனமாக முகர மாட்டார்கள். "ஆயில் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கரியைத் தேய்த்துவிட்டுத் திரும்ப முடுக்குகிறாள்.

பூவாறு படகுத்துறையில் சுற்றுலாப் படகு ஓட்டும் ஜெயபாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. படகின் பின்னால் தொங்கும் மோட்டாருக்கு நாற்பத்தாறு. கடைசிச் சவாரி முடிந்ததும் அதை நல்ல தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓடவிட்டு, உப்பைக் கழுவாமல் அவள் வீட்டுக்குப் போனதே கிடையாது. "வேல முடிஞ்சு வார எனக்கு ஒரு வாளி தண்ணி கோரித் தந்ததில்ல, அதுக்கு டிரம்மா?" என்பார் கணவர் ஞானசிகாமணி. "அது ஒரு இழுப்புல எழும்பும். நீங்க பத்து விளிக்கு எழும்புவியளா?" என்பாள்.

துறையில் யாருடைய மோட்டார் மக்கர் செய்தாலும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றுதான். "எடே, காத்துத் திருகத் தெறந்தியா?" மோட்டாரின் தலையில் இருக்கும் டாங்க், அதன் மூடியில் ஒரு சின்னத் திருகு. மழைநீர் இறங்காமலிருக்க இரவில் அதை முடுக்கிவைப்பார்கள். காலையில் தளர்த்த மறந்தால் உள்ளே காற்றுப் போகாது, பெட்ரோல் இறங்காது. மோட்டார் ஐந்து நிமிடம் சமர்த்தாக ஓடிவிட்டுப் படுத்துவிடும். மறந்தவனை ஜெயபாய் துறையே கேட்கும்படி வாரிவிடுவாள். பக்கத்துப் படகு ஷிஜு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், மூன்று முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

ஓணம் சீசனுக்கு முன்னால் பழைய மோட்டார்களுக்கெல்லாம் பரீட்சை வைத்தது படகுக் கமிட்டி. ஆறு கடலில் சேரும் பொழிமுகம்வரை போய், சொந்த மோட்டாரிலேயே திரும்பி வர வேண்டும். இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தால் நம்பர் பலகை கிடையாது. ஓணத்துக்குப் படகைக் கரையில் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான். ஜெயபாய் சர்ச்சுக்குக் கட்டும் மஞ்சள் புடவையில் வந்தாள். புடவையில் பெட்ரோல் பட்டுவிடாமலிருக்க முந்தின இரவே டாங்க்மேல் துண்டைச் சுற்றி வைத்திருந்தாள். முதல் இழுப்பிலேயே மோட்டார் எழும்பியது. "கொள்ளாமே!" என்று மெச்சினார் படகில் இருந்த கமிட்டிச் செயலாளர் வெங்கிடேஷ்.

நடு ஆற்றில் அது இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது.

ஜெயபாய்க்குப் பாதி உயிர் போய்விட்டது. நாலு முறை இழுத்தாள். பிளக்கைக் கழற்றி முகர்ந்தாள். வாசனையே இல்லை, காய்ந்து கிடந்தது. அடுத்துத் தன் பரீட்சைக்குக் காத்திருந்த ஷிஜு படகைப் பக்கத்தில் கொண்டுவந்து கயிற்றுச் சுருளைத் தூக்கிக் காட்டினான். "அக்கா, கட்டட்டா?"

"நீ உன் பாட்டப் பாருடே!" என்றவளின் கண் அப்போதுதான் அந்தத் துண்டில் விழுந்தது. ஐயோ, இந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது!

துண்டை உருவினாள். "என்னா அழுக்கு பாருங்க சார்" என்று உரக்கச் சொன்னபடி, ஞாயிற்றுக்கிழமைப் புடவையின் முந்தானையால் மூடியைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். துணிக்குள்ளே விரல்கள் திருகைத் தளர்த்தின. டாங்க் உஸ்ஸென்று காற்றை உறிஞ்சியது. அந்தச் சத்தத்தை மறைக்க அவள் பலமாக இருமினாள். பிளக்கை முடுக்கிவிட்டு இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது.

"என்ன கம்ப்ளெய்ன்ட்?" என்றார் வெங்கிடேஷ்.

"வயசாச்சுல்லா சார், கொஞ்சம் மூச்சு முட்டிப்போச்சு."

நம்பர் பலகை கிடைத்துவிட்டது. முந்தானையில் பட்ட பெட்ரோல் கறைதான் இன்னும் போகவில்லை.

மறுநாள் காலை, படகு நிறைய ஆட்களோடு கிளம்பிய ஷிஜுவின் மோட்டார் கொஞ்ச தூரத்தில் விக்கி நின்றது. துறையே ஜெயபாயின் வாயைப் பார்த்தது. அவள் தன் படகை அவன் படகோடு ஒட்டி நிறுத்தினாள். முந்தானையை எடுத்து அவன் டாங்க் மூடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஷிஜு பலமாக இருமினான்.