எண்ணத் தெரிந்தவன்

1936 நவம்பர் ஒன்பது, காலை ஆறரை மணி, மூன்றாம் நாளாக விடாத மழை. ஏம்பலத்தில் என் மகளுக்கு இடுப்புவலி கண்டது.

வயிற்றில் இரண்டு பிள்ளைகள் என்று மருத்துவச்சி அஞ்சலை ஐந்து வாரம் முன்பே சொல்லியிருந்தாள். "கால் வீங்கிக்கினு இருக்கு பெரியவரே. வாரா வாரம் புதுச்சேரி ஆஸ்பத்திரில காட்டுங்க. ரெட்டை, நாள் வரைக்கும் நிக்காது."

"வளைகாப்பு ஆகாம புள்ளத்தாச்சி ஆறு தாண்டக்கூடாது; புதுச்சேரி ஆத்துக்கு அக்கரையில இருக்கு. பிரசவத்துக்கு இன்னும் எழுபத்தஞ்சு நாள் இருக்கு. எனக்கு எண்ணத் தெரியாதா?" என்றேன்.

"நீங்க எண்ணுவீங்க. உள்ள இருக்கறதுங்க எண்ணுமா?"

நாற்பது நாள் முன்னதாகவே வலி வந்துவிட்டது. வாடகை வண்டி பிடித்துப் புதுச்சேரிக்குக் கிளம்பினால் ஆற்றில் வெள்ளம். திரும்பி வந்து, கதவுக்கு வெளியே கடிகாரமும் கையுமாக நின்றேன். பகல் ஒன்றேகாலுக்குப் பேத்தி பிறந்து அழுதாள். பேரனுக்குக் கால்தான் முதலில் வந்தது. இரண்டேமுக்காலுக்குப் பிறந்தவன் அழவில்லை. மகள் பிழைத்தாள்.

"ஆறு தாண்டக்கூடாதுன்னு சொன்னது நீதானே அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். ஆறும் வளைகாப்பும் சாக்கு. போக வர வண்டிக்கூலி ஒன்றரை ரூபாய். பத்து வாரத்துக்கு எவ்வளவு என்று அன்றே கணக்குப் போட்டிருந்தேன்: பதினைந்து ரூபாய்.