இடது கம்பம், வலது கம்பம்

என் அத்தான் செத்துப்போன செய்தியை நான் சினிமாத் திரையில்தான் பார்த்தேன். நான் மட்டுமில்லை, பூங்காவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு அவர் முகம். அதற்கு மேலே ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று கொட்டை எழுத்து. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா, அதாவது அவருடைய பெண்டாட்டி, வாயில் போட்ட கடலையை மெல்ல மறந்து திரையைப் பார்த்தாள்.

அத்தான் யார் என்று சொல்லாமல் இதைச் சொன்னால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

நகராட்சியில் அவருக்கு எடுபிடி வேலை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் விளக்குக் கம்பத்துக்குப் பெயிண்ட் அடிப்பார், பூங்கா பெஞ்சுக்கு ஆணி அடிப்பார். கோடை வந்துவிட்டால் மட்டும் நடையே மாறிவிடும். சனிக்கிழமை தோறும் நகராட்சி இலவசமாகப் படம் போடும். ஒரு வாரம் பூங்கா, ஒரு வாரம் பள்ளி மைதானம், ஒரு வாரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பொட்டல். திரையை ஏற்றுவதும், காற்றுக்குக் கயிறு பிடிப்பதும், படம் முடிந்ததும் மடித்து வண்டியில் போடுவதும் இரண்டு பேர் வேலை. ஒரு கம்பத்துக்கு அத்தான், மறு கம்பத்துக்கு அவருடைய கூட்டாளி. அந்தத் திரையைத் தைத்துக் கொடுத்தவன் தையல்கடை வைத்திருக்கும் நான். இன்றுவரை ஒரு தையல் விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

படம் ஓடும்போது இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் ஆளுக்கொரு முக்காலியில் கயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் படம் இடம் வலம் மாறித்தான் தெரியும். அத்தான் வாழ்க்கையில் பார்த்த படமெல்லாம் அப்படிப் பார்த்ததுதான். ஒருமுறை அவரைத் தியேட்டருக்கு அழைத்துப்போனோம். “இவனுக்கு மச்சம் அந்தக் கன்னத்துல இல்ல இருந்துச்சு? இது வேற ஆளு மாப்ள, நம்மள ஏமாத்தறாங்க” என்று சத்தமாகச் சொல்லி மானத்தை வாங்கிவிட்டார்.

ஆபீஸில் இவர்கள் இரண்டு பேரையும் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். ‘இடது’, ‘வலது’ என்பதுதான் பட்டப்பெயர். அவர்கள் நிற்கிற கணக்கில் அத்தான் வலது, கூட்டாளி இடது. அதிலும் ஒரு கூத்து. இவர்கள் பின்னால் நின்று ஜனங்களைப் பார்த்தபடி வேலை செய்கிறவர்கள். இவர்களுக்கு இடது என்பது நமக்கு வலது. மேற்பார்வையாளர் முன்னால் நின்றுகொண்டு “இடது பக்கம் இழுங்கய்யா!” என்று கத்துவார். இவர்கள் எதிர்ப்பக்கத்தை இழுப்பார்கள். “உங்க இடதா, எங்க இடதா?” என்று கூட்டாளி திரைக்குப் பின்னாலிருந்து கேட்பார். ஒவ்வொரு வருஷமும் இந்தச் சண்டை உண்டு. ஆபீஸ்காரர்களுக்கு அது கடைசிவரை மண்டையில் ஏறவில்லை.

முன்னால் பாயில் நாங்கள். அக்காவுக்குத் தூரப் பார்வை மங்கல். கண்ணாடி போடச் சொன்னால், “போட்டா கிழவின்னுடுவாங்க” என்பாள். அதனால் கூட்டாளியின் பெண்டாட்டிதான் அவளுக்குக் கண். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், கணீரென்ற குரல். திரையில் எந்த எழுத்து வந்தாலும் அக்காவுக்காக உரக்கப் படித்துவிடுவாள். படத்தின் பெயர், அடியில் ஓடும் வசனம், குப்பை போடாதீர்கள், எதையும் விடமாட்டாள். சுற்றியிருக்கிறவர்கள் ‘உஷ்’ என்றால் இன்னும் பலமாகப் படிப்பாள்.

அன்று கூட்டாளி வரவில்லை. வேறு கம்பம் எடுத்துவர நகராட்சி வண்டியோடு பக்கத்து ஊர் கிடங்குக்கு அவரை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். இருட்டுகிற நேரமாகியும் வண்டியைக் காணோம். அவர் பெண்டாட்டி வேலையிலிருந்து நேராகப் பூங்காவுக்கு வந்திருந்தாள். அவள் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. “வரட்டும், இன்னைக்கு இருக்கு அவருக்கு. பசி தாங்கமாட்டாருன்னு டப்பாவைத் தூக்கிட்டு அலையறேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்திருந்தாள்.

அத்தான் தனியாளாகவே திரையை ஏற்றினார். ஒரு கை ஓசை எவ்வளவு கேட்கும்? அவர் கம்பத்துப் பக்கம் மேளம் மாதிரி விறைப்பாக நின்றது. கூட்டாளி பக்கம் தொய்ந்து, கீழ் ஓரம் முழுக்க மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. தைத்தவன் கண்ணுக்கு அது சகிக்கவில்லை. அந்த வாரம் ஆபரேட்டரும் வெளியூர் ஆள், யாரையும் தெரியாதவர்.

விளக்கை அணைத்தார்கள். படம் வரும் என்று பார்த்தால் அத்தான் வந்தார்.

“டேய், அது உங்க அத்தான் இல்ல?” என்றாள் அக்கா. முகம் பெரியதாகத் தெரிந்ததில் அவளுக்குச் சந்தோஷம்கூட. “எதுக்குடா அவரைப் போடறாங்க?”

கூட்டாளியின் பெண்டாட்டி வாயைத் திறந்தாள், மேலே இருந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்தாள், படிக்கவில்லை. அவள் எதையும் படிக்காமல் விட்டது அதுதான் முதல்முறை. அக்காவின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் போட்ட அலறலில் நாலு பாய் தள்ளியிருந்த குழந்தைகள்கூட வீறிட்டன. ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தானே அந்த மனிதர் கயிற்றோடு எங்களைக் கடந்து போனார்! பின்னால் விழுந்து கிழுந்து விட்டாரா? அதற்குள் போட்டோ எப்படி வந்தது? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அப்போது திரை அசைந்தது. கீழ் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு, தன் முகத்துக்கு அடியிலிருந்தே அத்தான் வெளியே வந்தார்.

“யாருய்யா என்னைக் கொன்னது?”

முன்வரிசையில் ஒரு அம்மாள் மயங்கிச் சாய்ந்தாள். மற்றவர்கள் முதலில் பின்வாங்கினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு கைதட்டினார்கள். எந்தப் படத்துக்கும் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. அக்கா ஓடிப்போய் எல்லோர் முன்னாலும் அவர் முதுகில் இரண்டு வைத்தாள், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். கூட்டாளியின் பெண்டாட்டிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“அண்ணே, உங்களுக்கு ஆயுசு நூறு! அவர் வந்து பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பாரு. இப்பன்னு பார்த்து வரலையே மனுஷன்!”

“ஆபீஸ்காரனுங்க என்னைக்கு ஒழுங்கா செஞ்சானுங்க?” என்றார் அத்தான். “உயிரோட இருக்கிறவனுக்குச் சம்பளம் போடத் தெரியாது, இரங்கல் மட்டும் போடுவானுங்க.”

ஆபரேட்டர் ஓடி வந்தார். “ஆபீஸ்லேருந்து போன்ல அனுப்பினாங்க சார். படத்துக்கு முன்னாடி போடுன்னாங்க. இப்ப கூப்பிட்டா யாரும் எடுக்கலை” என்றவர், மெதுவாக, “அப்ப யாரு சார்?” என்றார்.

சிரிப்புச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்துவிட்டது.

நான் திரையைப் பார்த்தேன். அந்தப் போட்டோ எனக்குத் தெரியும். இரண்டு பேரும் அவரவர் கம்பத்தடியில், கேமராவைப் பார்த்து நின்று எடுத்தது. ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. அதிலிருந்து ஒரு பாதியை வெட்டியிருந்தார்கள். யாரோ ஒருவர் இன்னொருவரிடம் “இடதோட படத்தைப் போடு” என்று சொல்லியிருக்கிறார். அவர் போட்டோவுக்கு முன்னால் நின்று தன் இடது பக்கம் இருந்தவரை வெட்டியெடுத்திருக்கிறார், அது அத்தான்.

மடியில் டப்பாவோடு சிரித்துக்கொண்டிருந்த கூட்டாளியின் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

நான் நினைத்தது சரிதான் என்று பிறகு தெரிந்தது. வண்டி கவிழ்ந்த செய்தி ஆபீஸுக்குச் சாயங்காலமே வந்திருக்கிறது. ஒருவர் கூட்டாளியின் வீட்டுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அவர் சொல்லியிருப்பார் என்று இவரும், இவர் சொல்லியிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். ஊருக்கு மட்டும் மரியாதையாக அறிவிப்பு அனுப்பிவிட்டார்கள். அந்த ஆட்களை நான் இன்றைக்கும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை.

“கீழே ஏதோ எழுதியிருக்கே, மடிப்புல தெரியலையே” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடி. “என்னை என்னன்னு எழுதியிருக்கான்னு பார்ப்போம்” என்று சிரித்துக்கொண்டே அத்தான் கூட்டாளியின் கம்பத்துக்கு நடந்தார்.

“அத்தான், வேணாம், இழுக்காதீங்க!” என்று நான் கத்தினேன். கத்தியதாக நினைத்தேன், காற்றுதான் வந்தது. அவர் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றி, உடம்பைச் சாய்த்து இழுத்தார். நான் தைத்த துணி ஒரு சுருக்கமில்லாமல் விறைத்து நின்றது. மடிப்புக்குள் கிடந்த பெயர் பளிச்சென்று வெளியே வந்தது.

கூட்டாளியின் பெண்டாட்டி, மடியில் டப்பாவோடு, எப்போதும்போல அக்காவுக்காக உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். முதல் இரண்டு எழுத்து வரைக்கும் அவள் குரலில் சிரிப்பு இருந்தது.