இரண்டு சோடிக் காலுறை

செத்து நூறு வருடத்துக்கு மேலான ஒரு வெள்ளைக்காரப் பெடியனின் கடிதங்களைப் பூப்போலத் தூக்கி வைப்பதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சம்பளம்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் ஆட்கள் பலர் டோனட் கடையிலும் தொழிற்சாலையிலும் நின்று கால் வீங்கிய நேரம், நான் ரொறன்ரோ நகரின் நடுவில் ஒரு சின்ன ஆவணக் காப்பகத்தின் நிலக்கீழ் அறையில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு இருந்து வேலை செய்தேன். கடிதத்தின் மடிப்பை விரிக்கவேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கவேண்டும். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டில் ரைப் பண்ணி ஒட்டவேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பெடியன் ரொறன்ரோவுக்கு வடக்கே யூனியன்வில் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது வீட்டுக்குச் சொல்லாமல் எல்லை கடந்து போய் வடக்குப் படையில் சேர்ந்திருக்கிறான். அங்கிருந்து தாய்க்கு எழுதித் தள்ளியிருக்கிறான். மழை, சேறு, பிஸ்கற்றில் புழு, பக்கத்துக் கூடாரத்தான் குறட்டை விடுகிறான், எல்லாம் எழுத்தில். தாயும் பிறகு அவளுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு துண்டுகூட எறியாமல் பெட்டியில் வைத்திருந்து காப்பகத்துக்குக் கொடுத்தார்கள். வெற்று உறையைக்கூட வைத்திருந்தார்கள். முதல் தரம் அந்தப் பெட்டியைத் திறந்தபோது எனக்கு வந்தது வியப்பு இல்லை, எரிச்சல். என்ன துணிச்சலில் இந்தச் சனம் கடிதங்களை வைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் கடிதம் இரண்டு வகை. யாழ்ப்பாணத்திலிருந்து தபாலில் வருவது ஒன்று. அது வழியில் எத்தனையோ கைகளால் உடைத்து வாசிக்கப்படும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆகவே அதில் எல்லோரும் எப்போதும் சுகம். மழை பெய்தது, மாமரம் பூத்தது, அப்பா சந்தைக்குப் போய் வருகிறார். மற்றது ஆள் கையில் வருவது. கொழும்பு வழியாகக் கனடாவுக்கு வருகிற யாராவது ஒருவர் சட்டைக்குள் வைத்தோ, சேலைத் தலைப்பில் முடிந்தோ கொண்டுவந்து தருவது. உண்மை அதில்தான் இருக்கும். அதன் கடைசி வரியும் எப்போதும் ஒன்றுதான்: வாசிச்சிட்டுக் கிழிச்சுப் போடு.

நாங்கள் கிழித்தோம். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் எட்டாம் மாடியில், குழாயில் சுடுதண்ணீர் வருகிற வீட்டில் இருந்துகொண்டும் கிழித்தோம். ஊரில் சோதனைச் சாவடியில் ஒரு துண்டுக் கடிதம் அகப்பட்டாலே ஒரு பெடியனை அள்ளிக்கொண்டு போகப் போதும். அந்தப் பயம் விமானம் ஏறியும் எங்களைவிட்டு இறங்கவில்லை. இது ஒரு பைத்தியக்காரத்தனமாக வெளியாட்களுக்குத் தெரியலாம். எங்கள் ஆட்களில் கிழிக்காத ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

என் தம்பி அப்போது என்னோடும் என் கணவரோடும்தான் இருந்தான். ஊரில் ஆமி அவனைப் பிடித்து முகாமில் வைத்து அடித்து விட்டபிறகு, அம்மா காணியை ஈடு வைத்து அவனை இங்கே அனுப்பினா. அவன் வந்து கொஞ்ச நாளில் ஆள் கையில் ஒரு கடிதம் வந்தது. உன்னைத் தேடித் திரும்ப வந்தவங்கள், நீ இல்லையெண்டு அப்பாவைப் போட்டு அடிச்சவங்கள், இடுப்பு முறிஞ்சு பாயில கிடக்கிறார், செத்தாலும் இஞ்சால வராதை என்று அம்மா எழுதியிருந்தா. தம்பி அதைச் சமையலறையில் நின்று வாசித்தான். பிறகு சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்துக் கழிவறைக்குள் போட்டுத் தண்ணீர் அடித்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

அவனுடைய அகதி விசாரணைக்கு நாள் குறித்த அதே காலத்தில்தான் காப்பகத்தில் அந்தக் காலுறைக் கடிதம் என் கைக்கு வந்தது. அம்மா, நான் நல்ல சுகம், நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்துவிட்டேன், இரண்டு சோடிக் காலுறை பின்னி அனுப்புங்கள் என்று அந்தப் பெடியன் எழுதியிருந்தான். அந்தக் கடிதங்களை ஆராய ஒரு பேராசிரியர் வந்துபோவார். நல்ல மனிதர், எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வருவார். அவர் அமெரிக்காவிலிருந்து அந்தப் படைப்பிரிவின் ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் பிரதி எடுப்பித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடிதம் எழுதுவதற்கு முதல் கிழமையே பெடியனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஒற்றைக்காலோடு படுத்திருந்துதான் சோடிக் காலுறை கேட்டிருக்கிறான்.

பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போரில் இருக்கிறவர்கள் வீட்டுக்குச் சுகம் என்று எழுதினால் அதை அப்படியே எடுக்கக்கூடாது, எதை எழுதவில்லை என்றுதான் பார்க்கவேண்டும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். எனக்கு! பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் அந்தத் துண்டை ரைப் பண்ணினேன். தாயின் மனம் நோகாமலிருக்கத் தன் உண்மை நிலையை மறைத்து எழுதிய கடிதம் என்று ஒட்டினேன்.

தம்பியின் லோயர் எங்கள் ஆள் இல்லை. கோப்புக்கு மேல் கோப்பு வைத்துக்கொண்டு ஓடித் திரிகிறவர். வீட்டிலிருந்து வந்த கடிதம் ஏதும் இருந்தால் கொண்டுவா, விசாரணைக்கு உதவும் என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறார். இவன் என்ன செய்வான்? இருந்ததைத்தானே கொடுப்பான்? தபாலில் வந்ததெல்லாம் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தது. கிழிக்கவேண்டிய தேவை இல்லாத கடிதங்கள். அம்மாவின் எழுத்து என்ற ஆசைக்கு அவன் அடுக்கி வைத்திருந்தவை. ரின்னோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அவர்களும் மொழிபெயர்ப்பித்து அப்படியே கோப்பில் சேர்த்துவிட்டார்கள். நான் வேலையால் வந்து கேள்விப்பட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. லோயருக்கு ரெலிபோன் எடுத்தேன். கொடுத்த ஆவணத்தைத் திரும்ப எடுக்கேலாது, எடுத்தால் எதையோ ஒளிக்கிறீர்கள் என்று நினைப்பார்கள் என்றார்.

விசாரணையில் நான் பின் கதிரையில் இருந்தேன். அதிகாரி மரியாதையான ஆள், ஒரு சத்தம் போடவில்லை. அம்மாவின் கடிதத்தை எடுத்தார். உம்முடைய தகப்பனை அடித்து இடுப்பை முறித்ததாகச் சொல்கிறீர், அதே மாதம் எழுதிய கடிதத்தில் அவர் சந்தைக்குப் போய் வருகிறார் என்று இருக்கிறதே, எது பொய் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னதும் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா அப்பிடித்தான் எழுதுவா" என்றான்.

"ஏன் அப்படி எழுதவேண்டும்?"

"எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறது, சேர்."

கோதாரி பிடித்த அகதிச் சபை. எழும்பி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க எனக்கு வாய் உன்னியது. லோயர் கையால் இரு என்று காட்டினார். இருந்தேன். உண்மைக் கடிதம் எங்கே என்று அதிகாரி கேட்க, கிழித்துக் கழிவறையில் போட்டதாகத் தம்பி சொன்னான். அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

மறுப்புக் கடிதம் வந்தது. மேன்முறையீட்டுக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று லோயர் சொன்னதும் எனக்குப் பேராசிரியர்தான் ஞாபகம் வந்தார். அடுத்த முறை அவர் கோப்பியோடு வந்தபோது வெட்கத்தை விட்டுக் கேட்டேன். போர்க் கடிதங்களை எப்படி வாசிக்கவேண்டும் என்று எனக்குச் சொன்னதையே ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். தம்பியின் கதையையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரன். உங்களுடைய போரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் எழுதுவதற்கு அங்கே மதிப்பு இருக்காது."

அன்றைக்கு வயிறு பற்றி எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. செத்தவனுக்கு அழுவதற்கு அவருக்குப் படிப்பு இருந்தது. உயிரோடு இருந்தவனுக்கு ஒரு பக்கம் எழுத இல்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு அடுத்த கடிதத்தின் மடிப்பை விரித்தேன். வேலையை விட்டெறிய வசதி இல்லை.

மேன்முறையீடும் சரிவரவில்லை. அவனைத் திருப்பி அனுப்புகிற நாளுக்கு முதல்நாள் என் கணவர் எங்களை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் கொண்டுபோனார். தம்பி காரைவிட்டு இறங்கவில்லை. நீங்கள் போய்க் கும்பிட்டிட்டு வாங்கோ அத்தான், எனக்குக் கேட்க ஒண்டுமில்லை என்றான். நானும் இறங்கவில்லை. கணவர் மட்டும் போய்த் திருநீறு கொண்டுவந்து அவன் நெற்றியில் பூசினார்.

அவன் போன அதே மாதத்தில் கொழும்பிலிருந்து தபாலில் கடிதம் வந்தது. தம்பியின் எழுத்து. அக்கா, நான் இஞ்ச நல்ல சுகம், நேரத்துக்குச் சாப்பிடுறன், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. கணவர் வாசித்துவிட்டு, சுகமாய்த்தானே இருக்கிறான் என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அதை நம்பவில்லை. அந்தக் கிழமையே கொழும்பிலிருந்து வந்த ஊர்க்காரப் பெண் ஒருத்தி வீடு தேடி வந்து வாயால் சொன்னா. தம்பியை அவன் தங்கியிருந்த லொட்ஜில் வைத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

அவனைத் திருப்பி அனுப்பியது அம்மாவுக்குத் தெரியாது. தபாலில் எழுத முடியாது, கையில் கொடுத்துவிட அந்தப் பக்கம் போகிற ஆளும் இல்லை. அதற்கிடையில் அம்மாவின் கடிதம் வந்தது, தம்பியின்ரை கேஸ் முடிஞ்சுதோ என்று கேட்டு. காப்பகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், அந்தப் பெடியனின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து பதில் எழுதினேன். அம்மா, நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். இந்த முறை குளிர் குறைவு. தம்பி வேலைக்குப் போய் வாறான்.

அதன்பிறகு அம்மா அவனைப் பற்றி ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை.