பதினேழாம் நம்பர் அதிர்வு

பீர்க்கன்கரணை மெஹ்னாஸ் யானையை நேரில் பார்த்தது இரண்டே தடவைதான். ஆனால் அது நடந்தால் மண் எப்படி அதிரும் என்பது அவளுக்கு அத்துப்படி. பன்னிரண்டு வருஷம் தாம்பரத்தில் ஒரு ஃபேன் கம்பெனியில் மோட்டார்களின் அதிர்வைச் சோதித்தவள். அதை மூடியதும் நாவலூரில் ஒரு சின்ன ஆபீஸ் அவளைச் சேர்த்துக்கொண்டது. ஓசூர்க் காட்டோரத்தில் மண்ணுக்குள் கருவிகள் புதைத்திருந்தார்கள். யானை ஊர்ப்பக்கம் வந்தால் அதன் காலடி அதிர்வு இங்கே திரையில் கோடாக ஓடும். பார்த்ததும் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

போன மார்ச்சில் ஒரு நாள் காலை, பதினேழாம் நம்பர் கருவியின் கோடு ஓயாமல் துடித்தது.

"அக்கா, செவன்டீன் ரிப்பேர் போல. ஆஃப் பண்ணிடவா?" என்றாள் பக்கத்து நாற்காலி உதயா.

"இரு. ரிப்பேரோ பம்புசெட்டோ, ஒரே சீரா அடிக்கும். இது அடிக்குது, நிக்குது, மறுபடி அடிக்குது. எதுவோ அங்கேயே சுத்திச் சுத்தி வருது."

வனக்காவலர் சத்தியநாதனுக்குப் போன் போட்டாள்.

"ராத்திரி வந்த யானைக் கூட்டம் விடியறதுக்குள்ள காட்டுக்குத் திரும்பிடுச்சு மேடம்."

"ஒண்ணு திரும்பலைன்னு தோணுது சார். ஒரு எட்டு பார்த்துடுங்களேன்."

"போன மாசம் மாதிரி ரோடு ரோலரா இருக்கப்போகுது."

அவளுக்குச் சுருக்கென்றது. போன மாதம் அவள் பேச்சை நம்பி, வெயிலில் நாலு கிலோமீட்டர் நடந்தவர் அவர். ஆனாலும், "இல்லை சார், இது உயிருள்ளதுதான்" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கக்கூட அவளுக்கு மனசு வரவில்லை. ஒன்றரை மணிக்குப் போன் வந்தது.

"மேடம், கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணறு. குட்டி உள்ளே விழுந்து கெடக்கு. தாய் நகர மாட்டேங்குது."

"உசுரோட இருக்கா?"

"இருக்கு. ஜேசிபிக்குச் சொல்லிட்டோம்."

தாயைப் பட்டாசு வெடித்து விலக்கிவிட்டு, கிணற்றின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டினார்கள். திரை முழுக்க ஜேசிபியின் இரைச்சல்தான். ஒன்றும் புரியவில்லை. உதயா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலே காலுக்கு ஜேசிபி நின்றது. கோடு படுத்துவிட்டது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அப்புறம் கனமான அடிகள் தொலைவிலிருந்து ஓடிவந்தன. கொஞ்ச நேரத்தில் அவை மெல்லத் திரும்பி நடந்தன. பக்கத்திலேயே குட்டிக்குட்டியாக, அவசர அவசரமாக இன்னொரு நடை.

"ஏறிடுச்சு உதயா! கூடவே போவுது பாரு!"

சத்தியநாதன் கூப்பிட்டுச் சொல்லும்போது ஆபீஸே எழுந்து நின்றிருந்தது. "நீங்க சொல்லலைன்னா நாளைக்குத்தான் மேடம் பார்த்திருப்போம்" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பசி அப்போதுதான் தெரிந்தது. ஆறிப்போன எலுமிச்சைச் சாதத்தை உதயாவோடு பங்கு போட்டுச் சாப்பிட்டாள். தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும், மேடவாக்கம் வருவதற்குள் அசந்து தூங்கிப்போனாள்.